மேற்றனின் பூதக்கண்ணாடி

நாலு பேர் மெச்ச எனக்குத் தெரிந்திருந்த வித்தை ஒன்றே ஒன்றுதான்: மற்றவர்களின் கையெழுத்தைப் போடுவது. வெட்கத்தை விட்டுச் சொல்லுகிறேன், என் சொந்தக் கையெழுத்து இன்றைக்கும் ஒரு நாள் இருந்த மாதிரி மறுநாள் இராது. வங்கியில் இரண்டு தடவை ‘இது நீங்கள் இல்லை’ என்று என்னையே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் வேறு யாருடைய கையெழுத்தையாவது ஒருமுறை காட்டினால் போதும், அந்த ஆளே திகைக்கிற மாதிரிப் போட்டுக் காட்டுவேன். தேத்தண்ணி நேரத்தில் ஆசிரியைகள் கடதாசித் துண்டுகளோடு என் மேசையைச் சுற்றி நிற்பார்கள். இதை ஒரு கெட்டித்தனம் என்று நினைத்து முப்பத்தைந்து வயதுவரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவன் நான்.

யாழ்ப்பாணத்தில் வெள்ளைக்கார மிஷன் அம்மாமார் தொடங்கிய அங்கிலிக்கன் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் கிளாக்கராக இருந்தேன். பள்ளிக்கூடத்தோடு விடுதியும் இருந்தது. விடுதியைப் பொறுப்பாகப் பார்த்த அம்மாவை எல்லோரும் மேற்றன் என்போம். அவருக்குப் பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலில் மாதாமாதம் நானே தட்டச்சுச் செய்ததுதான். ஆனாலும் அதைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை. நானும் இங்கே கூப்பிடப் போவதில்லை.

ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவான ஆள். மற்றவர்களுக்குச் சிலுவை தொங்குகிற இடத்தில் அவருக்குக் கறுப்பு நூலில் ஒரு பூதக்கண்ணாடி தொங்கும். தகப்பன் நில அளவை செய்தவர். காணிப் படங்களில் எல்லைக் கோடு பார்த்த கண்ணாடி அது.

“அப்பா காணியைப் பாத்தவர். நான் பிள்ளையளைப் பாக்கிறன்” என்பார்.

பார்த்தது பிள்ளைகளை அல்ல, கையெழுத்துகளை. ஒரு பிள்ளையை விடுதியில் சேர்க்கிற அன்று, அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகக்கூடிய மூன்று பேரின் பெயரைக் கொடுக்க வேண்டும். மூன்று பேரும் மேற்றனுக்கு முன்னால் வந்திருந்து ஓர் அட்டையில் கையெழுத்து வைக்க வேண்டும். எழுதத் தெரியாதவர் பெருவிரல் வைப்பார். அதன் பிறகு அந்த மூன்று பேரில் ஒருவர் வந்து கையெழுத்து வைத்தாலொழிய பிள்ளை கேற்றைத் தாண்டாது. புதிய கையெழுத்தையும் அட்டையையும் அருகருகே வைத்து, கண்ணாடியைத் தூக்கியும் இறக்கியும், மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பார். அட்டைகள் ஒரு பிஸ்கற் தகரத்துக்குள் இருந்தன. பகலில் தகரம் என் அறையில் இருக்கும், மாலையில் மேற்றனின் கட்டிலுக்கடியில்.

உரும்பிராயில் தோட்டம் செய்யும் கமக்காரர் ஒருவர் மகளைக் கூட்டிப்போக வந்திருந்தார். வலது கை முறிந்து கட்டுப் போட்டிருந்தது. இடக்கையால் ஒப்பம் வைத்தார். மேற்றன் கண்ணாடியை எடுத்தார்.

“இது நீங்கள் இல்லை.”

“அம்மா, நான் உங்களுக்கு முன்னாலைதானே நிக்கிறன்.”

“ஆள் நிக்கிறியள். கையெழுத்து நிக்கேல்லை.”

“கை முறிஞ்சு கிடக்கிறது கண் தெரியேல்லையோ?”

“கண் வடிவாத் தெரியுது. அதுதான் சொல்லுறன்.”

“அது நான் பெத்த பிள்ளை.”

“பெத்தது நீங்கள்தான். எனக்குத் தந்தது உந்தக் கை. உது சுகமாகி வரட்டும்.”

கடைசியில் அட்டையில் இருந்த சித்தப்பனைக் கூட்டிவரச் சைக்கிளில் ஆள் போனது. அவர் வரும்வரை தகப்பனையும் மகளையும் வரவேற்பறையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, இருவருக்கும் நடுவில் தானும் உட்கார்ந்திருந்தார் மேற்றன். மனிதர் போகும்போது என் யன்னலில் எட்டிப் பார்த்து, “தம்பி, உந்த மனுசியைப் பாங்கிலையல்லோ வைச்சிருக்கவேணும்” என்றார்.

கொழும்பிலிருந்து வந்த பெரிய குருவானவர் ஒருவர் தன் ஞானமகளைத் தேநீருக்கு அழைத்துப்போகக் கேட்டார். அட்டையில் அவர் இல்லை. மேற்றன் விடவில்லை.

“அப்ப ஆண்டவரே வந்து கேட்டாலும் விடமாட்டீரோ?” என்றார் குருவானவர் சிரித்தபடி.

“ஆண்டவர் கேக்கிறேல்லை, பாதர். அவர் எடுத்துக்கொண்டு போறவர்.”

பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெரிய ஆண்டு நிறைவு வந்தது. விழா மலருக்காக அதிபர் ‘எமது பாடசாலையின் வரலாறும் நோக்கமும்’ என்று ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தார். பொருளாதாரத் தடையில் கடதாசி கிடைக்காத காலம். பழைய சோதனை வினாத்தாள்களின் பின்பக்கத்தில் ரோனியோ மெசினில் அச்சடித்தோம். அதனால் ஒரு பக்கம் கல்வியின் ஒளி, மறுபக்கம் முக்கோணத்தின் பரப்பளவு. விடுதியின் சார்பில் அரைப் பக்கம் தரும்படி மேற்றனைக் கேட்டேன்.

“எழுதும். பிள்ளையை வாங்கினால் வாங்கின கையிலை திருப்பிக் குடுக்கிறது. அதுதான் நோக்கம்.”

“இது அரைப் பக்கம் வராது, மேற்றன்.”

“மிச்சத்துக்குப் பூப் போட்டு விடும்.”

“வரலாறு ஏதும்?”

வரலாறும் சொன்னார். பள்ளிக்கூடத்தைத் தொடங்கிய மிஷன் அம்மா, பெண் பிள்ளைகளைக் கேட்டு வீடு வீடாகப் போனாராம். தகப்பன்மார் கேட்டது ஒரே கேள்வி: ‘தாறம், திரும்பத் தருவியோ?’ அந்த அம்மாவை நம்பி ஏழு பிள்ளைகள் வந்தார்கள். இரண்டாம் வருடம் வாந்திபேதி. அச்சுவேலிப் பிள்ளை ஒன்று செத்துப்போனது. பிரேதத்தைத் தொட ஒருவரும் வரவில்லை. அந்த வெள்ளைக்கார மனுசி தானே மாட்டு வண்டியில் ஏற்றி, தானே ஓட்டிக்கொண்டு அச்சுவேலிக்குப் போய், தகப்பனுடைய கையில் பிள்ளையைக் கொடுத்து, கொப்பியை நீட்டிப் பெருவிரல் வாங்கிக்கொண்டு திரும்பினாராம்.

“அண்டைக்குத் தொடங்கினது இந்த அட்டை. செத்த பிள்ளைக்கும் கையெழுத்து வாங்கின பள்ளிக்கூடம் இது” என்றார் மேற்றன்.

விழா மலரில் பிரேதம் வேண்டாம் என்று அதிபர் அதை வெட்டிவிட்டார். நான் பூப் போட்டேன்.

அதற்கு முன்பு, இந்திய ராணுவம் வந்திருந்த காலத்தில் ஓர் அதிகாரி நான்கு சிப்பாய்களோடு வந்து, பிள்ளைகள் படுக்கும் மண்டபத்தைச் சோதிக்க வேண்டும் என்றார். நான் பாடசாலையின் பாதுகாப்பை உத்தேசித்து மலசலகூடத்துக்குள் இருந்தேன். மேற்றன் வெற்று அட்டை ஒன்றைக் கொண்டுபோய் அந்த அதிகாரியிடம் நீட்டினார். உள்ளே போகிறவர் கையெழுத்து வைக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்தாள் தலைப்பாகையைச் சரிசெய்து, அட்டையைப் பார்த்து, மேற்றனைப் பார்த்து, கையெழுத்து வைத்தார். பிறகு சிப்பாய்களை வெளியே நிறுத்திவிட்டுத் தான் மட்டும் சப்பாத்தைக் கழற்றி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அந்த அட்டையும் தகரத்துக்குள் கிடந்தது.

விடுதி பாதியாகி, பிறகு பாதியும் பாதியானது. கொழும்புக்குப் போனவர்கள், வெளிநாடு போனவர்கள், பொம்மர் வந்து குண்டு போட்டுப் போன அடுத்த நாள் தாய்மார் வந்து கூட்டிக்கொண்டு போனவர்கள். போனவர்கள் எல்லோரும் கையெழுத்து வைத்துத்தான் போனார்கள். கையெழுத்து வைக்காமல் போகிற வழியும் ஒன்று அப்போது திறந்திருந்தது. பள்ளிக்கூட மதிலில் இயக்கத்தில் சேரச் சொல்லும் சுவரொட்டிகள் ஒட்டியிருக்கும். சில பள்ளிக்கூடங்களில் காலையில் கதிரையில் இருந்த பிள்ளை மாலையில் காட்டில் இருந்தது. எங்கள் விடுதியில் மட்டும் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மேற்றனின் கண்ணாடியால்தான் என்று தாய்மார் நம்பினார்கள். மேற்றனும் நம்பினார்.

அப்போதுதான் என்னுடைய கெட்டித்தனம் வேலைக்கு வந்தது.

உயர்தரம் படித்த பிள்ளை. ஊர் உடுப்பிட்டி. தகப்பன் ஷெல் பட்டு இறந்துவிட்டார். அட்டையில் தாய், தாய்மாமன், ஒரு கணக்கு வாத்தியார். வாத்தியார் கனடாவில் இருந்தார். என் பகிடிகளுக்கு மனமாரச் சிரிக்கிற ஒரே பிள்ளை அது. மற்றப் பிள்ளைகள் மரியாதைக்குச் சிரிப்பார்கள், இது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்.

மேல்வகுப்புப் பிள்ளைகள் தனியாக ஊருக்குப் போகலாம், ஆனால் அட்டையில் உள்ளவரின் கையெழுத்தோடு கடிதம் வர வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தப் பிள்ளை என் யன்னலில் வந்து நின்றது.

“அண்ணை, அம்மாவுக்குக் காய்ச்சல். சனி ஞாயிறு போட்டு வரவேணும்.”

“மாமாட்டைக் கடிதம் வாங்கி வாவன்.”

“மாமாவின்ரை சைக்கிளுக்கு ரியூப் இல்லை. கடிதம் வந்து சேர அம்மாவுக்குச் சுகம் வந்திடும்.”

“அப்ப மேற்றனைக் கேள்.”

“கேட்டனான். அட்டையைத் தூக்கிக் காட்டினவ.”

நான் வேலை செய்கிற மாதிரி ஒரு கோப்பைத் திறந்தேன். பிள்ளை போகவில்லை.

“அண்ணை, நீங்கள் அதிபரின்ரை கையெழுத்தெல்லாம் போடுவியளாம். ஆனா மாமாவின்ரை உங்களாலை ஏலாது எண்டு பெட்டையள் சொல்லுறாளவை. கடைசியிலை ஒரு சுழி இருக்குதாம். ஒருத்தராலையும் ஏலாதாம்.”

தகரம் என் மேசைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அட்டையை எடுத்துப் பார்த்தேன். சுழி உண்மையில் கஷ்டமானதுதான். இரக்கத்தால் செய்தேன் என்று பின்னாட்களில் எனக்கு நானே சொல்லிப் பார்த்ததுண்டு. பொய். அந்தச் சுழிக்காகத்தான் செய்தேன். இரண்டாம் தடவையிலேயே வந்துவிட்டது; பிள்ளை எழுதிக் கொண்டுவந்திருந்த கடிதத்துக்கு அடியில் வைத்துக் கொடுத்தேன்.

“அண்ணை, மாமாவாலையே இப்பிடி வைக்கேலாது” என்றது பிள்ளை. அன்று முழுவதும் எனக்குப் பசிக்கவில்லை, அவ்வளவு பெருமை.

ஊர் ஆள் ஒருவர் கொண்டுவந்து தந்ததாகப் பிள்ளை நீட்டிய கடிதத்தை மேற்றன் வாங்கி, கண்ணாடியைத் தூக்கி, இறக்கி, திரும்பத் தூக்கினார். நான் கதவடியில் நின்று பார்த்தேன், பரீட்சை முடிவு பார்க்கிற மாதிரி.

“மாமா இந்த முறை ஆறுதலா இருந்து வைச்சிருக்கிறார்” என்றார். பிறகு பிள்ளையிடம், “போட்டு வா. ஞாயிறு பின்னேரச் செபத்துக்கு நிக்கவேணும்” என்றார்.

பிள்ளை கேற்றடியில் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஞாயிறு வரவில்லை. திங்கள் வரவில்லை. தாய்க்குக் காய்ச்சல் கூடியிருக்கும் என்றார்கள். பத்தாம் நாள் மாமன் வந்தார், கையில் ஒரு பை பனங்கிழங்கு. மருமகளைக் கூப்பிடச் சொன்னார். தாய்க்குக் காய்ச்சல் ஒன்றுமில்லை, பிள்ளை வீட்டுக்கு வரவுமில்லை.

மேற்றன் கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். மாமன் பனங்கிழங்குப் பையைக் கீழே வைக்காமலே நீண்ட நேரம் அதைப் பார்த்தார்.

“இது என்ரை கையெழுத்துத்தான், அம்மா. ஆனா நான் வைக்கேல்லை.”

மேற்றன் கடிதத்தையும் அட்டையையும் யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். அரை மணித்தியாலம் பார்த்தார். நான் நாலடி தள்ளியிருந்து, மாற்றத் தேவையில்லாத ரைப்ரைற்றர் ரிப்பனை மாற்றிக்கொண்டிருந்தேன்.

“எனக்கு வித்தியாசம் தெரியேல்லை” என்றார் மேற்றன். கண்ணாடியை இறக்கி, “என்ரை கண் பிழைச்சுப்போச்சு” என்றார்.

“அவள் கள்ளக் கையெழுத்து வைக்கிற பிள்ளை இல்லை” என்றார் மாமன். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். என் விரலெல்லாம் ரிப்பன் மை. அதைத் துடைக்கத் துணி தேடினேன். மற்றபடி ஒன்றும் செய்யவில்லை.

விசாரணை நடந்தது. ‘மாணவி தனது தாய்மாமனின் கையெழுத்தைத் தானே இட்டு’ என்று முடிவாயிற்று. அந்த அறிக்கையைத் தட்டச்சுச் செய்தது நான்தான். ஒரு பிழைகூட விடவில்லை. பிள்ளை இயக்கத்தில் இருக்கிறது என்ற செய்தி அதற்கு முன்பே வந்துவிட்டது.

மேற்றன் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண்ணைக் காட்டினார். இந்த வயதுக்கு இது மிக நல்ல கண் என்று டாக்குத்தர் சொன்னாராம். மேற்றன் நம்பவில்லை. கண்ணாடியைக் கழுத்திலிருந்து கழற்றி என் மேசையில் வைத்தார்.

“இனி நீர் பாரும். உமக்குக் கையெழுத்து விளங்கும்.”

கழுத்தில் நூல் கிடந்த இடத்தில் ஒரு கோடு வெள்ளையாக இருந்தது.

அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் என்னைக் கேட்கத் தொடங்கினார். அரிசியைக் கையில் எடுத்து, “கல் இருக்கோ?” கடதாசியைப் பிடித்து, “இது பெரியாஸ்பத்திரிச் சீலோ?” ஒருநாள் முன்னால் நின்ற சின்னப் பிள்ளையின் நாடியைத் தூக்கிப் பிடித்து, ஆறு வருடம் தன்னிடம் வளர்ந்த பிள்ளை அது, “இது எங்கடை ஆள்தானே?” என்று என்னைக் கேட்டார். “ஓம் மேற்றன்” என்றேன். ஒன்றுக்கும் உதவாத ஒருவனுடைய ‘ஓமை’ நம்பி அந்த மனுசி நடந்தார்.

அடுத்த வருடம், பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு போடுகிற நேரம், ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஒன்று றோட்டால் போனது. சண்டையில் இறந்தவர்களின் பெயர்கள். முதலில் இயக்கப் பெயர், பிறகு சொந்தப் பெயர், பிறகு ஊர். உடுப்பிட்டி என்றதும் மேற்றன் அகப்பையைப் பானைக்குள் வைத்தார். பிறகு எடுத்து, மிச்சப் பிள்ளைகளுக்கும் போட்டு முடித்தார்.

அந்த வருடக் கடைசியில் ராணுவம் நெருங்கிவர, ஊரோடு வெளிக்கிடச் சொன்னது இயக்கம். முழு யாழ்ப்பாணமும் மழைக்குள் ஒரே றோட்டில் தென்மராட்சிக்கு நடந்தது. எங்களிடம் அப்போது பதினொரு பிள்ளைகள். பாயும் பானையும் விட்டுவிட்டு மேற்றன் பிஸ்கற் தகரத்தைப் பொலித்தீனில் சுற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தார். சாவகச்சேரியில் ஒரு தேவாலய வளவில் இடம் கிடைத்தது. அடுத்த நாள் காலையிலிருந்து தாய் தகப்பன்மார் பிள்ளைகளைத் தேடி வரத் தொடங்கினார்கள், சேறும் அழுகையுமாக. மேற்றன் ஒவ்வொருவரையும் நிறுத்தி அட்டையில் கையெழுத்து வாங்கினார்.

“பாரும், சரியோ?” என்று என்னிடம் நீட்டுவார்.

ஈர விரலால் வைத்த கையெழுத்துகள். மை கரைந்து ஓடியது. ஒரு தகப்பன் வைத்தபோது அட்டையில் விழுந்தது எழுத்தே அல்ல. அவருடைய மகள் அதற்குள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடியைப் பிடித்து, பார்க்கிற மாதிரிப் பார்த்து, “சரி, மேற்றன்” என்றேன். பதினொரு தடவையும் அப்படித்தான்.

வளவு காலியானது. மேற்றன் தகரத்தைத் திறந்து பார்த்தார்.

“ஒரு அட்டை மிச்சம் கிடக்கு. உம்முடைய சைக்கிளுக்குக் காத்து இருக்கோ?”

பின் கரியரில் மேற்றன், மடியில் தகரம். கொடிகாமத்தால் போனோம். வழி நெடுகச் சனம் எதிர்த்திசையில் வந்தது. பள்ளங்களில் இறங்கி உருட்டினேன். உடுப்பிட்டியில் அந்த வீட்டைக் கேட்டுக் கண்டுபிடித்தோம். முன் அறையில் பிள்ளையின் படம், மாலை. சவப்பெட்டி வந்ததாகவும் திறக்க விடவில்லை என்றும் மாமன் சொன்னார். தாய் எங்களுக்குத் தேத்தண்ணியும் இரண்டு இதரை வாழைப்பழமும் வைத்தார்.

மேற்றன் உட்காரவில்லை.

“உங்கடை கையாலை பிள்ளையை வாங்கினனான். திருப்பித் தரேல்லை. என்ரை கண் பிழைச்சுப்போச்சு, தங்கச்சி. பிள்ளையிலை பிழையில்லை. அது சின்னன். நான்தான் கண்டுபிடிச்சிருக்க வேணும்.”

மேற்றன் அட்டையை மேசையில் வைத்து, ‘பெற்றுக்கொண்டேன்’ என்று அச்சடித்திருந்த இடத்தைக் கோடு போட்டு வெட்டி, ‘ஒப்படைக்கவில்லை’ என்று எழுதி, கீழே தன் கையெழுத்தை வைத்தார். எத்தனை ஆயிரம் கையெழுத்துப் பார்த்த மனுசி, அட்டையில் தான் வைத்தது அது ஒன்றுதான். எழுதி முடித்ததும் வழக்கப்படி என்னிடம் நீட்டினார்.

“பாரும், சரியோ?”

“சரி, மேற்றன்” என்றேன்.

மேற்றனை ஏற்றிக்கொண்டு திரும்பினேன். பதினைந்து மைல், எனக்குப் பின்னால் ஒரு கைப்பிடித் தூரத்தில் இருந்தார். சொல்லியிருக்கலாம். சங்கிலி கழன்றபோது இறங்கிப் பூட்டினேன், அப்போது நேருக்கு நேர் நின்றோம், அப்போதும் சொல்லவில்லை. அதற்கு அடுத்த வருடம் அவர் இறந்துபோனார். கடைசிவரை வாசிக்கிற கடதாசியைப் பக்கத்தில் இருந்தவர்களிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாராம், அந்த நல்ல கண்ணை வைத்துக்கொண்டு. கண்ணாடி என்னிடம் இருக்கிறது. என் பேத்திக்கு எறும்பு காட்டுகிறேன்.

உடுப்பிட்டியில் நடந்ததில் ஒன்றை விட்டுவிட்டேன். விட்டதல்ல, ஒளித்தேன்.

மேற்றன் கால் கழுவக் கிணற்றடிக்குப் போனபோது நான் படலையடியில் சைக்கிளோடு நின்றேன். தாய் வந்து, நாலாக மடித்த கொப்பித்தாள் ஒன்றை நீட்டினார். பிள்ளை போன புதிதில் எழுதியது. ‘அம்மா, மாமாவின்ரை கையெழுத்தைக் கிளாக்கர் அண்ணைதான் போட்டவர். நான் எங்கை போறன் எண்டு அவருக்குத் தெரியாது. பாவம், அவரை ஏசாதேங்கோ.’

நான் வாசித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, கடதாசியைத் திரும்ப வாங்கி மடித்தார்.

“தம்பி, பிள்ளை போனதுக்கு நான் உம்மை ஏசேல்லை. நீர் போடாட்டி அவள் மதில் பாய்ஞ்சு போயிருப்பாள். ஆனா அந்த மனுசி தன்ரை கண்ணிலை பழியைப் போட்டுக்கொண்டு என்ரை முகத்துக்கு முன்னாலை நிக்கேக்கை, நீர் பக்கத்திலை இருந்து வாழைப்பழம் திண்டுகொண்டிருந்தனீர்.”